தர்மசேன பத்திராஜவின் திரைக்கலை: ஒரு மதிப்பீடு

கற்பிட்டிக் குடாநாட்டின் ஒரு பக்கம் களப்பு. மறு பக்கம் பெருங்கடல். ஆலங்குடா, தலவில், கண்டக்குளி ஆகிய ஊர்கள் பெருங்கடலை நோக்கிய மணற்கரையைச் சார்ந்தவை. சோளகக் காற்று ஓய்ந்து கடல் அடங்கியதும் நீர்கொழும்பு, சிலாபம் ஆகிய பகுதிகளிலிருந்து மீனவர் குடும்பங்கள் வந்து வாடியமைத்துத் தங்குவதும், மீண்டும் காற்று எழும்போது வாடியைப் பிரித்துக்கொண்டு திரும்புவதும் இக்கரையின் நெடுநாள் வழக்கம். மீனவருக்குப் பின்னால் வியாபாரியும், வியாபாரிக்குப் பின்னால் கடன் கொடுப்பவனும் வருவர். வருவோராலும் போவோராலும் வாழ்வு பின்னப்பட்ட இக்கரையையே களமாகக் கொண்டு 1978 ஆம் ஆண்டு வெளிவந்த சிங்களத் திரைப்படம் 'பம்பரு ஆவித்'. அதன் நெறியாளரும் திரைக்கதை ஆசிரியருமானவர் தர்மசேன பத்திராஜ.

பத்திராஜவின் படைப்புகளை ஒருசேர வைத்து நோக்குவோர்க்கு, அவற்றுள் மீண்டும் மீண்டும் ஒரு வினா எழுவது புலனாகும். வெளியிலிருந்து ஒரு மக்கட்கூட்டத்தினிடையே வருபவன் எதைக் கொண்டு வருகிறான், எதைக் கொண்டு போகிறான்? பொருள் தேடி வருபவனுக்கும், அம்மக்களின் பெயரால் பேச வருபவனுக்கும் இடையே வேறுபாடு உண்டா? இவ்வினாவைத் தம் கதைமாந்தரிடத்து மட்டுமன்றித் தம்மிடத்தும் எழுப்பிக்கொண்டவர் அவர். அவ்வகையில் அவருடைய நிறைவும் குறையும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

பத்திராஜ தோன்றிய காலத்துச் சிங்களத் திரைப்படத்தின் நிலையைச் சிறிது நோக்குதல் வேண்டும். சிங்கள மொழியின் முதற் பேசும் படமாகிய 'கடவுணு பொரொந்துவ' 1947 ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். அது உருவான இடம் மதுரை. அன்று தொட்டுப் பல்லாண்டுகள் சிங்களப் படங்கள் தென்னிந்தியக் கலையகங்களில், தென்னிந்தியப் படங்களின் அச்சிலேயே வார்க்கப்பட்டன. பாட்டும் கூத்தும், கண்ணீரும் சண்டையும், ஈற்றில் மங்களமும் என்ற அந்த அச்சை உடைத்தவர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ். 1956 ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய 'ரேகாவ' கலையகத்தை விட்டு வெளியேறிக் கிராமத்தின் வெயிலில் படமாக்கப்பட்டது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவி அவர் எடுத்த 'கம்பெரலிய' 1965 ஆம் ஆண்டு புதுதில்லியில் நடந்த அனைத்துலகத் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது பெற்றது. எனினும் பீரிஸின் உலகம் பெரும்பாலும் சிதைந்துவரும் வளவுகளின் உலகம். இழந்த பெருமையை எண்ணி இரங்கும் உலகம். வேலையற்று நகரத் தெருவில் நிற்கும் இளைஞனுக்கு அவ்வுலகில் இடம் அரிதாகவே இருந்தது.

அந்த இளைஞனைத் திரைக்குக் கொண்டுவந்தவர் பத்திராஜ. 1943 ஆம் ஆண்டு மார்ச்சு 28 ஆம் நாள் கண்டியிற் பிறந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சிங்களமும் மேனாட்டுச் செம்மொழிகளும் பயின்று, 1967 ஆம் ஆண்டு சிறப்புப் பட்டம் பெற்றவர் அவர். தாய்மொழி வழியே உயர்கல்வி பெற்று, கற்ற கல்விக்கேற்ற தொழிலின்றித் தவித்த தலைமுறையை அவர் அருகிருந்து கண்டவர். அத்தலைமுறையின் சினமே 1971 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆயுதக் கிளர்ச்சியாக வெடித்தது. கிளர்ச்சிக்கு முன்பே, 1969 ஆம் ஆண்டு, சுகதபால செனரத் யாப்பா நெறிப்படுத்திய 'ஹந்தானே கதாவ' என்னும் படத்தின் திரைக்கதையாக்கத்தில் பத்திராஜ பங்கேற்றார். பல்கலைக்கழக மாணவர் வாழ்வைக் கூறிய அப்படத்தின் வாயிலாகவே விஜய குமாரதுங்க என்னும் நடிகர் புகழ் பெறத் தொடங்கினார். அவரைப் பத்திராஜ பின்னர் எவ்வாறு பயன்படுத்தினார் என்பது தனியே கருதத்தக்கது.

பத்திராஜவின் முதல் முழுநீளப் படம் 'அஹஸ் கவ்வ'. 1974 ஆம் ஆண்டு வெளிவந்தது. 'கவ்வ' என்னும் சிங்களச் சொல்லுக்கு நேரானது நம் பழந்தமிழ்க் 'காவதம்'. ஆகவே 'ஒரு காவத ஆகாயம்' என்று தலைப்பைப் பெயர்க்கலாம். கொழும்பு நகரில் வேலையின்றித் திரியும் இளைஞர் சிலரின் வாழ்வே கதை. தனித்தலைவன் என ஒருவன் இல்லை, கூட்டமே தலைமகன். நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் போரில் நன்மை வெல்லும் என்ற வாக்குறுதியும் இல்லை. விமல் குமார த கொஸ்தா, அமரசிறி கலன்சூரிய, சிறில் விக்கிரமகே ஆகிய நடிகர்கள் இப்படத்திலும் பின்வந்த படங்களிலும் பத்திராஜவோடு சேர்ந்து உழைத்து, ஒரு நாடகக் குழுவைப் போலவே இயங்கினர். அடுத்து வந்த 'எயா தன் லொக்கு ளமயெக்' என்ற படத்தில் நடித்த மாலினி பொன்சேகாவுக்கு 1975 ஆம் ஆண்டு மாஸ்கோ திரைப்பட விழாவிற் சிறப்புப் பரிசு கிடைத்தது.

இனி 'பம்பரு ஆவித்' படத்துக்கு வருவோம். இத்தலைப்பு ஆங்கிலத்திற் 'குளவிகள் வந்துவிட்டன' என்னும் பொருள்படப் பெயர்க்கப்பட்டு வழங்குகின்றது. அப்பெயர்ப்பு கொட்டுதலை மட்டும் உணர்த்தும். 'பம்பர' என்பது வடமொழிப் 'பிரமரம்' என்பதன் வழிவந்த சொல். வண்டு, பெருந்தேனீ ஆகியவற்றைக் குறிப்பது. வண்டு மலரை நாடி வரும். தேனை உண்டபின் நீங்கும். காதலனை வண்டாகவும் காதலியை மலராகவும் கூறுவது தமிழ்க் கவிதைக்கும் சிங்களக் கவிதைக்கும் பொதுவான மரபு. சினந்து எழுமாயின் அதே இனம் கூட்டமாகக் கொட்டவும் செய்யும். காமமும் கொள்ளையும் ஒரே சொல்லில் அடங்கிய இத்தலைப்பை 'வண்டுகள் வந்துள்ளன' என்று தமிழில் வழங்குவோமாயின் மூலத்தின் இருபொருளும் பெரும்பாலும் காக்கப்படும்.

கதை எளிது. மீனவர் குப்பமொன்றுக்கு நகரத்திலிருந்து விக்டர் என்பவன் நண்பர்களோடு வருகிறான். அங்கே மீன் கொள்முதலைத் தன் கையில் வைத்திருப்பவன் அன்ரன் என்னும் உள்ளூர் முதலாளி. இக்கரைத் தமிழில் கூறுவதாயின் அவனைச் சம்மாட்டி எனலாம். அவன் மீனவரைச் சுரண்டுபவனே. ஆயினும் அவர்களுள் ஒருவனாக வாழ்பவன், அவர்களின் நல்லதற்கும் கெட்டதற்கும் முன்நிற்பவன். விக்டர் அந்த ஒழுங்கைக் குலைக்கிறான். அதே வேளையில் எலன் என்னும் மீனவப் பெண்ணின் மனத்தையும் கவர்கிறான். அவளை மணக்கவிருந்த இளைஞன் உள்ளூரிலேயே இருக்கிறான். தொழிற்பகையும் காதற்பகையும் ஒன்றோடொன்று பிணைந்து வன்முறையாக மாறுகின்றன.

நெய்தற்றிணையிற் பயின்றார்க்கு இக்கதை புதிதன்று. மீன் உணங்கும் மணற்கரை, அங்கே வாழும் பரதவர் மகள், நெடுந்தேரேறி வெளியிலிருந்து வரும் தலைவன், அவன் பிரிந்தபின் எஞ்சும் இரங்கல் ஆகியவற்றைச் சங்கப் புலவர் பலவாறு பாடியுள்ளனர். நற்றிணையில் ஒரு தோழி, தேர்ச்செல்வனாகிய தலைவனை நோக்கி, எம்மிடம் மீன் நாற்றம் வீசும், ஆதலின் விலகி நில் என்னும் கருத்துப்படக் கூறி மறுக்கின்றாள். தன் குலத்தின் வாழ்வு தனக்குப் பெரிது என்பதும், செல்வத்தின் வருகையில் அழிவு மறைந்திருக்கக் கூடும் என்பதும் அத்தோழிக்குத் தெரிந்திருந்தன. பத்திராஜவின் எலனுக்கு அத்தகைய தோழி வாய்க்கவில்லை. சங்கக் கவிதையில் உள்ளுறையாக நின்ற பொருளியல் வேற்றுமையை இத்திரைப்படம் வெளிப்படையாக்கி, அதனையே கதையின் இயக்கு விசையாக்கியது.

இதே பொருளை எடுத்துக்கொண்ட வேறு இரு படங்களோடு ஒப்பிட்டால் பத்திராஜவின் தனித்தன்மை மேலும் விளங்கும். தகழி சிவசங்கரப் பிள்ளையின் நாவலை இராமு காரியாத் 1965 ஆம் ஆண்டு 'செம்மீன்' என்னும் மலையாளப் படமாக்கினார். அங்கும் மீனவப் பெண். அங்கும் குலத்துக்குப் புறம்பான வணிகனின் காதல். ஆனால் அழிவுக்குக் காரணமாகக் காட்டப்படுவது கடலம்மையின் சீற்றமும் பெண்ணின் கற்பு பற்றிய நம்பிக்கையுமே. பத்திராஜவின் கடல் எவரையும் தண்டிப்பதில்லை. அவருடைய படத்தில் மனிதரை அழிப்பது மீனின் விலையை நிர்ணயிக்கும் உரிமை யாருக்கு என்ற போட்டியே. இவ்வகையில் அவருக்கு நெருங்கியவர் இத்தாலிய நெறியாளர் விஸ்கொன்ரி. அவர் 1948 ஆம் ஆண்டு எடுத்த 'நிலம் அதிர்கிறது' என்னும் படம், சிசிலித் தீவின் மீனவர் மொத்த வியாபாரிகளின் பிடியிலிருந்து விடுபட முயன்று தோற்பதைக் கூறுவது.

விக்டராக நடித்தவர் விஜய குமாரதுங்க. அக்காலத்தில் அவர் மக்கள் விரும்பிய காதல் நாயகர். அவரைக் காண அரங்குக்கு வந்தோர், அவருடைய அழகும் சிரிப்பும் ஒரு குப்பத்தை அழிக்கும் கருவிகளாக மாறுவதைக் கண்டனர். புகழ்பெற்ற நடிகரைப் பயன்படுத்தி அப்புகழின் மயக்கத்தையே ஆராய்ச்சிக்கு உட்படுத்தியது துணிவான செயல். அன்ரனாக நடித்த ஜோ அபேவிக்கிரம, கொடுமையும் கனிவும் கலந்த ஒரு மனிதனை நம் கண்முன் நிறுத்தினார். டொனால்ட் கருணாரத்னவின் ஒளிப்பதிவில் மணல்வெளியும் கடலும் அழகுக் காட்சிகளாக ஒதுங்கி நில்லாமல் உழைப்பின் இடமாகவே தோன்றுகின்றன. இசையமைத்தவர் பிரேமசிறி கேமதாச.

இப்படத்தின் உயிர்நிலை அதன் இறுதியில் உள்ளது. விக்டரோடு வந்தவர்களுள் வீரசேன என்பவன் படித்தவன். சமவுடைமைக் கொள்கையிற் பற்றுடையவன். விமல் குமார த கொஸ்தா இப்பாத்திரத்தை ஏற்றார். அழிவெல்லாம் நடந்து முடிந்தபின் அவன் வெளியே நின்று வர்க்கப் போராட்டத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றுகின்றான். கேட்பதற்கு ஆளில்லை. அவன் கூறும் கருத்துகள் பொய்யல்ல. பத்திராஜவே ஏற்றுக்கொண்ட கருத்துகள்தாம். ஆயினும் யாருக்காகப் பேசுகின்றானோ அவர்கள் அங்கு இல்லை. அவர்களின் மொழியும் அவனிடம் இல்லை. கொள்ளையிட வந்தவனோடு ஒரே கூட்டத்தில் வந்தவன் அவன் என்பதும் மறக்கற்பாலதன்று.

இக்காட்சியைக் கண்ட சிலர் இடதுசாரிகளை நெறியாளர் எள்ளி நகையாடினார் என்பர். அது மேலெழுந்தவாரியான முடிபு. எள்ளல் இருப்பது உண்மை; ஆயின் அதன் இலக்கு பேசுவோன் தானே. பல்கலைக்கழகத்தில் கற்று, மக்களுக்காகக் கலை படைக்க விரும்பி, அம்மக்கள் அரங்குக்கு வருவார்களா என்று ஐயுற்ற கலைஞன் தன்னையே அவ்வெளியில் நிறுத்திப் பார்த்திருக்கிறான். தன்னைத் தானே விசாரிக்கும் இந்த நேர்மையே பத்திராஜவைப் பிரசாரக்காரரிடமிருந்து வேறுபடுத்துவது.

இந்த வெறுமையான வெளியை அவர் வாழ்விலும் கண்டார். 1970களின் நடுப்பகுதியில் அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். அவ்வளாகம் 1974 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது; அதன் முதல் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. சிங்கள மாணவரும் அக்காலத்தில் அங்கே பயின்றனர். யாழ்ப்பாண வாழ்வின் பயனாகப் பிறந்ததே 'பொன்மணி' என்னும் தமிழ்த் திரைப்படம். 'பம்பரு ஆவித்' உருவான காலத்தை ஒட்டியே இதுவும் உருவாயிற்று. கதையை எழுதியவர் காவலூர் இராசதுரை. சீதனமின்றி மூத்தவள் வீட்டில் காத்திருக்க, இளையவளாகிய பொன்மணி, சமூகம் தாழ்த்தி ஒதுக்கிய சாதியொன்றைச் சேர்ந்த இளைஞனை விரும்பி அவனோடு செல்கின்றாள். அம்மீறலுக்கு அவள் கொடுக்கும் விலை உயிர்.

'பொன்மணி' அரங்குகளில் வெற்றி பெறவில்லை. தமிழகப் படங்களில் ஊறிய இரசிகருக்குப் பாட்டும் துள்ளலும் இல்லாத படம் சுவைக்கவில்லை என்பது வழக்கமாகக் கூறப்படும் காரணம். அக்காரணம் உண்மையே, முழுமையானதன்று. தமிழகப் படங்களிலும் சாதி கடந்த காதல் வந்ததுண்டு. ஆனால் அது வேறு நாட்டில், வேறு பேச்சில், ஒப்பனை பூசி வந்தது. கண்ணீர் சிந்திவிட்டு வீடு திரும்பலாம். 'பொன்மணி' காட்டியதோ நம் வேலியும், நம் முற்றமும், நம் வீட்டுப் பெண்களின் மௌனமும். திரையில் தன் முகத்தைக் காண ஒரு சமூகம் ஆயத்தமாக இருக்கவில்லை. யாழ்ப்பாணத்து இந்துக் கல்விச் சூழலில் வளர்ந்தோர் இத்தோல்வியைப் பார்வையாளரின் பாமரத்தன்மை என்று தள்ளிவிடுதல் முறையாகாது. கற்றோரும் அதைக் காக்க முன்வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. சிங்களவரான ஒருவர் தமிழர் சமூகத்தின் புண்ணைத் தொடலாமா என்ற முணுமுணுப்பு எழக்கூடும். அதற்கு விடை அவருடைய ஏனைய படங்களே. தம் சமூகத்தை எந்தக் கண்ணால் நோக்கினாரோ அதே கண்ணால்தான் தமிழ்ச் சமூகத்தையும் நோக்கினார். ஒன்றுக்குக் கருணையும் மற்றதற்குக் கடுமையும் என வேற்றுமை காட்டவில்லை. மேலும், கதையைத் தாமே கற்பித்துக்கொள்ளாமல் ஒரு தமிழ் எழுத்தாளரின் எழுத்தை ஏற்று, தமிழ் நடிகரைக் கொண்டு, தமிழிலேயே எடுத்தார். வெளியிலிருந்து வருபவன் கற்க வருவானாயின் எவ்வாறு வருவான் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அவ்வாறு யாழ்ப்பாணத்தில் கைக்கொண்ட நெறியைக் கற்பிட்டிக் கரையில் அவர் முற்றக் கைக்கொள்ளவில்லை என்பதே 'பம்பரு ஆவித்' பற்றிக் கூறவேண்டிய குறை. அப்படத்தின் மாந்தர் பேசுவது சிங்களம். கற்பிட்டிக் கரையோ ஒருமொழிக் கரையன்று. தமிழ் பேசும் முஸ்லிம்களும், இருமொழியும் பயிலும் கத்தோலிக்க மீனவரும், சிங்களவரும், இந்துக்களும் நெடுங்காலமாகக் கலந்து வாழும் நிலம் இது. மீனுக்கு விலை பேசும்போது ஒரு மொழி, வலை இழுக்கும்போது ஒரு மொழி, தொழுகைக்கும் வழிபாட்டுக்கும் வேறொரு மொழி என வாழ்வோர் இங்கு உளர். விஸ்கொன்ரி சிசிலி மீனவரையே நடிக்க வைத்து, இத்தாலியின் பிற பகுதியினருக்கு எளிதிற் புரியாத அவர்களின் பேச்சையே ஒலிக்கவிட்டார். பத்திராஜ இக்கரையின் மணலையும் காற்றையும் எடுத்துக்கொண்டார். அதன் கலப்புப் பேச்சை விட்டுவிட்டார். வெளியிலிருந்து வந்து கொண்டு செல்பவனைப் பற்றிய படமே கரையிலிருந்து சிலவற்றைத் தேர்ந்து கொண்டு சென்றது என்று கூறுவது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் அவர் நமக்குக் கற்பித்த வினாவை அவரிடமே கேட்பது அவருக்குச் செய்யும் அவமதிப்பாகாது.

பின்வந்த படைப்புகளைச் சுருக்கமாகக் கூறலாம். 1980 ஆம் ஆண்டு வெளிவந்த 'பார திகே', தவணைப் பணம் கட்டத் தவறியோரின் வாகனங்களைப் பறிமுதல் செய்யும் தொழிலிலுள்ள இளைஞனின் நகர அலைச்சலைக் கூறுவது. 1981 ஆம் ஆண்டு வெளிவந்த 'சொல்தாது உன்னெஹே', உலகப் போரிற் பங்குகொண்ட முதிய போர்வீரன் ஒருவனையும் அவனைப் போலவே ஒதுக்கப்பட்ட சிலரையும் சுதந்திர தினக் கொண்டாட்டத்தின் ஓரத்தில் நிறுத்தி, யாருக்குச் சுதந்திரம் என்று வினவுவது. அதன்பின் இருபது ஆண்டுகள் அவருக்குத் திரையரங்கப் படம் வாய்க்கவில்லை. 'கடுல்ல' போன்ற தொலைக்காட்சித் தொடர்களிலும் கற்பித்தலிலும் அக்காலம் கழிந்தது. 2001 ஆம் ஆண்டில் 'மத்து யம் தவச', பின்னர் காஃப்காவின் உருமாற்றக் கதையைத் தழுவிய 'ஸ்வரூப' ஆகியவற்றோடு அவர் மீண்டார். 2018 ஆம் ஆண்டு சனவரி 28 ஆம் நாள் மறைந்தார். சொந்த முதலின்றி, பெருந்தயாரிப்பாளரின் மனம்போன போக்குக்கு இணங்காமல் படமெடுக்க முயலும் கலைஞன் இச்சிறு நாட்டில் எத்தனை ஆண்டுகளை இழக்க நேரும் என்பதற்கு அந்த இருபதாண்டு இடைவெளியே சான்று.

அவர் மறைந்து ஈராண்டுகளின் பின், சிங்கப்பூரிலுள்ள ஆசியத் திரைப்படக் காப்பகம் புதுப்பித்த 'பம்பரு ஆவித்' 2020 ஆம் ஆண்டுக்குரிய கான் விழாவின் செவ்வியற் படப் பிரிவுக்குத் தெரிவுசெய்யப்பட்டது. ஆளற்ற வெளியில் வீரசேன ஆற்றிய பேச்சு நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்துக் கடல்கடந்து கேட்கப்பட்டது. அது மகிழ்தற்குரியதே. எனினும் யாருக்காக அப்படம் எடுக்கப்பட்டதோ அவர்கள் கேட்டார்களா என்ற வினா எஞ்சியே நிற்கின்றது.

அவ்வினா இக்கரையில் இன்றும் உயிருள்ளது. 1990 ஆம் ஆண்டு வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாகப் புத்தளத்துக்கு வந்தனர்; ஆலங்குடாவும் அவர்களுக்கு இடமளித்தது. அவர்கள் தேன் தேடி வந்த வண்டுகள் அல்லர். கூடு கலைக்கப்பட்டு வந்தவர்கள். 2011 ஆம் ஆண்டில் நுரைச்சோலையில் நிலக்கரி மின்னிலையம் இயங்கத் தொடங்கிற்று. கடற்கரை நெடுகிலும் உல்லாச விடுதிகள் எழுந்தன. வாடியடித்த மணலுக்கு வேறு விலை வந்தது. வருவோர் யாவரையும் ஒரே தட்டில் நிறுத்தல் ஆகாது என்பதையும், ஒவ்வொரு வருகையின்போதும் கரைவாழ் மக்களுக்கு என்ன எஞ்சும் என்று கேட்டல் வேண்டும் என்பதையும் பத்திராஜவின் படம் நமக்கு உணர்த்துகின்றது.

ஆகவே பத்திராஜவைப் பெருமையாகப் பேசி அமைவது போதாது. 'பொன்மணி'யைத் தமிழ் மாணவரும், 'பம்பரு ஆவித்' படத்தைப் புத்தளக் கரையின் மும்மதத்தினரும் ஒன்றாகக் கூடிக் காணும் வாய்ப்பை ஆசிரியர்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஏற்படுத்துதல் வேண்டும். பார்த்தபின் இணங்குவோர் இணங்கட்டும், மறுப்போர் மறுக்கட்டும். அக்கலைஞர் வேண்டிநின்றது புகழுரையன்று. அவ்வெளியில் வந்து நின்று கேட்கும் மனிதரையே.